ஆட்டுப்பட்டியும் நரிப் பயமும்

(புதுச்சேரி நகரில் கூடிய கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவு இலாகாவைச் சேர்ந்த ஒருவன் நரியைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களிற் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். வட்டியும், தவணையும், பங்குத் தொகையுமன்றோ இவனுடைய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆயினும் கிராமங்களுக்குச் சென்று சங்கக் கணக்குகளைப் பார்வையிடுங்கால், ஆட்டுக் கடனில் தவணை தவறியதற்குக் காரணம் யாதென்று வினவினால், "குட்டிகளை நரி கொண்டுபோய்விட்டது" என்னும் விடை சில இடங்களிற் கிடைக்கின்றது. நரி ஆட்டைக் கொண்டுபோகும், கடனைக் கொண்டுபோவதில்லை. கடன் சங்கப் புத்தகத்திலேயே நிற்கின்றது. வட்டியும் அதனுடன் நிற்கின்றது. ஆகையால் நரி விஷயம் நமக்கு நாணய விஷயமேயாகும்.

நஷ்டத்தின் அளவு

ஓர் அங்கத்தினர் சங்கக் கடன் பெற்று நான்கு பெட்டை வெள்ளாடுகள் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளாடு ஏறக்குறைய ஐந்து மாதம் சினையாக இருந்து ஈனும். நல்ல தீனியும் பராமரிப்பும் இருந்தால் இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். இரட்டைக் குட்டி ஈனுவதும் சாதாரணமே. எல்லாம் சரியாக நடந்தால் ஓர் ஈற்றில் எட்டுக் குட்டிகள் பட்டியில் நிற்கும். கடனைத் திருப்பிக் கொடுப்பது இந்தக் குட்டிகளே. தாய் ஆடுகள் அல்ல. எட்டில் மூன்றை இழந்தவர் அந்தப் பருவத்துத் தவணையை இழந்தவராவார். தவணையைக் கட்டவேண்டி ஒரு தாய் ஆட்டை விற்பார். அடுத்த ஈற்றில் மூன்று தாய்களே இருக்கும். இவ்வாறு முதல் கரைந்து, இரண்டு வருஷத்திற்குள் பட்டி வெறும் பட்டியாகவும், கடன் முழுக் கடனாகவும் நிற்கக்கூடும்.

இதிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நரி ஊரிலுள்ள பட்டிகளையெல்லாம் சமமாகப் பார்ப்பதில்லை. எந்தப் படல் தாழ்ந்திருக்கிறதோ, எந்த வேலியில் சந்து இருக்கிறதோ அந்தப் பட்டியையே அது நாடுகின்றது. வசதியுள்ளவர் இரும்புவலை அடித்துக்கொண்டால், அவர் வீட்டில் ஏமாந்த நரி, பனைமட்டைப் படல் வைத்திருக்கும் விதவைத் தாயின் பட்டிக்குச் செல்கின்றது. ஒருவர் காப்பு மற்றொருவர் நஷ்டமாக முடிகின்றது. ஆகவே இதைத் தனித்தனிக் குடும்பத்தின் காரியமாக விட்டுவிடலாகாது. ஊர் ஒன்றுகூடிச் செய்யும் காரியமாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்கும் ஒரே கோரிக்கை.

நரியின் இயல்பு

நம் பிரதேசத்து நரி சிறு பிராணி. ஏறக்குறைய 8 முதல் 11 கிலோ எடையுள்ளது. நடுத்தர நாட்டு நாயைவிடச் சிறியது. ஆணும் பெண்ணும் ஜோடியாகச் சேர்ந்து வாழ்ந்து, குட்டிகளை இரண்டும் சேர்ந்தே வளர்க்கின்றன. வாய்க்கால் கரை, ஏரிக் கரை, மண்மேடு, புதர் ஆகிய இடங்களில் வளை அமைத்துக்கொள்கின்றன. பெண் நரி ஏறக்குறைய 63 நாள் சினையாக இருந்து மூன்று நான்கு குட்டிகள் போடும். அந்தக் குட்டிகளுக்கு இரை தேடும் மாதங்களிலேயே அதற்குத் துணிவு அதிகம்.

காலாப்பட்டுப் பக்கத்துப் புதர்க்காடுகளிலும், ஊசுடு ஏரியைச் சூழ்ந்த நிலங்களிலும், பாகூர்ப் பக்கத்துக் கரும்பு, நெல் வயல்களிலும் நரிக்கு வேண்டிய மறைவும் தண்ணீரும் உண்டு. ஊசுடு ஏரி 2008-ஆம் ஆண்டு முதல் பறவைகள் சரணாலயமாக இருந்துவருவதையும் நீங்கள் அறிவீர்கள். 1968-ஆம் ஆண்டில் ஆரோவில் நகரம் தோன்றியபோது அம்மேட்டு நிலம் மழைநீரால் அரிக்கப்பட்ட செம்மண் தரையாகவே கிடந்தது. அங்கே மரம் நட்டுக் காடு வளர்த்த பிறகு பறவைகளோடு நரியும் வந்து சேர்ந்தது. மறைவு உண்டான இடத்திற்கு அது தானே வருகின்றது.

கரும்பு ஓங்கி நிற்கும் காலத்தில் கரும்புத் தோட்டமே நரியின் வீடு. வெட்டு நடக்கும் காலத்தில் அவ்வீடு திடீரென்று மறைகின்றது. அப்போது அது மனிதர் குடியிருப்பின் ஓரத்தில் கண்ணிற்படுவதில் ஆச்சரியமில்லை. கரும்பு வெட்டும் வாரங்களில் பட்டிக் காவலை இரட்டிப்பாக்கவேண்டும் என்பது இதிலிருந்து நாம் அறிந்துகொள்ளத்தக்கது.

இனி, அதன் இரை யாது? எலி, நண்டு, ஓணான், பூச்சி, இலந்தைப் பழம், ஈச்சம் பழம், செத்த பிராணியின் மாமிசம் ஆகியவை அதன் அன்றாட உணவு. கரும்பையும் கடிக்கும், தர்ப்பூசணியையும் நிலக்கடலையையும் கெடுக்கும். கோழியும் இளங்குட்டியும் வாய்ப்பாகக் கிடைத்தால் விடாது. ஆயினும் ஓர் இரவில் அது பிடிக்கும் எலிகளைக் கணக்கிற் கொள்ளாமல், ஒரு மாதத்தில் அது எடுத்த கோழியை மட்டும் கணக்கிலெழுதுவது சரியான கணக்காகாது. வரவையும் செலவையும் சேர்த்துப் பார்ப்பதே கூட்டுறவுக் கணக்கு. எலியால் நெற்பயிருக்கு உண்டாகும் சேதம் எவ்வளவென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுவதில்லை.

திருடன் யார்?

காலையில் பட்டியில் குட்டி செத்துக் கிடந்தால், பழி உடனே நரியின்மேல் விழுகின்றது. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. முதலில் அடையாளங்களைப் பார்க்கவேண்டும்.

நரி பெரும்பாலும் தனியாகவோ ஜோடியாகவோ வந்து, ஓர் இளங்குட்டியைக் கழுத்தில் பற்றி, முடிந்தால் தூக்கிக்கொண்டு மறைவுக்குச் செல்லும். பசிக்காகவே கொல்லும், கொன்றதைத் தின்னும். ஊர் சுற்றும் நாய்க் கூட்டமோ பல ஆடுகளைத் துரத்தும். பின்தொடை, விலா, காது என்று கண்டவிடமெல்லாம் கடிக்கும். வளர்ந்த ஆடுகளையும் கிழிக்கும். பெரும்பாலும் தின்னாமலே போய்விடும். ஆகவே ஒரே இரவில் ஐந்தாறு ஆடுகள் கடிபட்டு, ஒன்றும் தின்னப்படாமல் கிடந்தால், நரியைத் தேடுமுன் நம் தெருவைத் தேடவேண்டும். அந்த நாய்களிற் சில பகலில் நம் திண்ணையிலேயே படுத்திருப்பவையாக இருக்கலாம்.

கோழி விஷயத்தில் சந்தேகம் இன்னும் அதிகம். கீரி, காட்டுப்பூனை, மரநாய், மலைப்பாம்பு ஆகிய யாவும் கோழிக் கூட்டை நாடுபவையே. நரி கோழியை முழுதாக எடுத்துச் செல்லும். சில இறகுகள் மட்டும் சிதறிக்கிடக்கும். சிறு சந்து வழியே நுழைந்து கூட்டுக்குள்ளேயே கழுத்தைக் கடித்துப் போட்டிருந்தால் அது நரியின் வேலையன்று. திருடன் இன்னானென்று அறிந்த பிறகே எந்தச் சந்தை அடைக்கவேண்டும் என்பது தெரியும்.

கொல்லுவதால் பயனுண்டா?

"விஷம் வைத்துவிட்டால் தொல்லை ஒழியும்" என்று சொல்வோர் உண்டு. குருணை மருந்தை இறைச்சியிற் கலந்து வைப்பதும், இறைச்சிக்குள் நாட்டு வெடி வைப்பதும், வேலியில் மின்சாரத்தை நேரே பாய்ச்சுவதும் தமிழ் நாட்டின் கிராமாந்தரங்களில் கேள்விப்படாத காரியங்களல்ல. விஷ இறைச்சியை நரி மட்டும் தின்பதில்லை. அண்டை வீட்டு நாயும், காகமும், பருந்தும் தின்னும். தானியத்தில் கலந்தாலோ மயில் மடியும். வெடியைப் புல்லோடு கடித்த பசுவின் வாய் சிதறியதும், களவாகப் பாய்ச்சிய மின்வேலியில் மனிதரே மாண்டதும் பத்திரிகைகளில் நாம் படிக்கும் செய்திகள்.

சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நரி முதல் அட்டவணையில் வைக்கப்பட்டிருக்கின்றது. அவ்வட்டவணையிலுள்ள பிராணியை வேட்டையாடியவருக்கு மூன்று வருஷத்திற்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறைவாசமும் அபராதமும் உண்டு. சேலம் ஜில்லாவில் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலையொட்டி வங்கா நரியைப் பிடித்துவந்து ஊர்வலம் விட்டு, அதன் முகத்தில் விழித்தால் ஊருக்கு நன்மை என்று கருதும் வழக்கம் உண்டு. நன்மையென்று எண்ணிச் செய்த அதற்கும் வன இலாகாவினர் அபராதம் விதித்திருக்கின்றனர். நரிக்கொம்பு என்று சொல்லி விற்கப்படுவதை வாங்கிப் பணம் இழப்போருக்கும் இதையே சொல்வேன். நரிக்குக் கொம்பு கிடையாது. பிராணியின் உறுப்பென்று வாங்கி வைத்தால் வழக்கு மட்டுமே மிஞ்சும். "நரி இடம் போனாலென்ன, வலம் போனாலென்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி" என்று நம் முன்னோர் சொன்னதே விவேகம்.

சட்டம் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது கொலையால் பயன் உண்டா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் நம் நரிக்கு உறவான கொயோட்டி என்னும் பிராணி உண்டு. அங்கு ஆட்டு மந்தைகள் வைத்திருப்போரின் முறையீட்டின்பேரில், 1931-ஆம் ஆண்டில் அத்தேசத்தார் சட்டமியற்றி, சர்க்கார் செலவிலேயே அதை ஒழிக்க முற்பட்டனர். விஷமும், பொறியும், துப்பாக்கியும் பல்லாண்டுகள் உபயோகிக்கப்பட்டன. விளைவு யாது? ஒருகாலத்தில் பெரும்பாலும் மேற்குப் புல்வெளிகளில் இருந்த அப்பிராணி, இன்று கீழ்க்கடற்கரைப் பட்டணங்கள் வரை பரவியிருக்கின்றது. 1972-ஆம் ஆண்டில், நம் நாட்டில் வனவிலங்குச் சட்டம் பிறந்த அதே வருஷத்தில், அந்நாட்டு ஜனாதிபதி நிக்ஸன் சர்க்கார் நிலங்களில் விஷம் வைப்பதைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். இரையும் மறைவும் உள்ள இடம் காலியானால், அடுத்த ஜோடி வந்து குடியேறும். பழைய நரிக்கு நம் படலும் நாயும் பழக்கமாயிருக்கும். புதியது எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும். இடத்தை மாற்றாமல் ஆளை மாற்றுவதால் யாது பயன்?

பட்டி அமைக்கும் முறை

நரியைப் பரியாக்கிய கதையை நாம் யாவரும் கேட்டிருக்கிறோம். அக்கதையில் குதிரை உருவில் இலாயத்திற்குள் கட்டப்பட்ட நரிகளே நள்ளிரவில் தம் உருவெடுத்து, பக்கத்தில் கட்டியிருந்த உண்மைக் குதிரைகளைக் கடித்துக் குதறின. வெளியே நின்ற நரியால் தீங்கு உண்டாகவில்லை. உள்ளே புகுந்த நரியாலேயே உண்டாயிற்று. பட்டி அமைப்போர் இதை மனத்திற்கொள்ளவேண்டும். செய்யவேண்டுவன இவை:

1. வேலி 5 அடிக்குக் குறையாத உயரம் இருக்கவேண்டும். சவுக்குக் கம்பங்களை நெருக்கமாக நட்டு இரும்புவலை அடித்தல் உத்தமம். வலைக்கு வசதியில்லாதவர் படலுக்கு வெளியே கருவேல முள்ளை அடர்த்தியாக வைத்துக் கட்டலாம்; ஆனால் முள் காய்ந்து சரியும்போதெல்லாம் புதுப்பிக்கவேண்டும்.

2. நரி தாண்டுவதைவிடத் தோண்டுவதில் வல்லது. ஆகவே வலையின் அடிப்பாகத்தை ஒன்றரை அடி மண்ணுக்குள் புதைக்கவேண்டும். புதைக்க முடியாத தரையில், வலையை இரண்டடி வெளிப்புறமாக மடித்து விரித்து, அதன்மேல் கற்களை அடுக்கிவைத்தால் போதும்.

3. படல் தரையோடு பொருந்தவேண்டும். கைவிரல் நான்கு நுழையும் சந்தும் கூடாது. கதவடியில் ஒரு கட்டையோ கல்லோ பதித்துவிட்டால், தோண்டித் தேய்ந்த பள்ளம் உண்டாகாது.

4. வசதியுள்ளவர் பரண்மேல் ஆடு வளர்க்கும் முறையைக் கைக்கொள்ளலாம். மூன்று நான்கு அடி உயரத்தில் இடைவெளி விட்டுப் பலகை பரப்பிய கொட்டகையில் ஆடு ஈரமின்றிப் படுக்கும். புழுக்கை கீழே சேரும். ஏணியை இரவில் எடுத்துவிட்டால் பகையும் ஏறாது.

5. கோழிகளைப் பொழுது சாய்வதற்குள் அடைக்கவேண்டும். பஞ்சாரத்தின்கீழ் கவிழ்ப்போர் அதன்மேல் பாரமான கல் வைப்பது அவசியம். கூடு கட்டுவோர் கூரையையும் மூடி, அரை அங்குலக் கண்ணுள்ள வலை அடித்தால் கீரியும் நுழையாது.

6. பெட்டை ஆடுகளை ஒரே சமயத்தில் கிடாவுக்குச் சேர்த்தால், ஐந்து மாதம் கழித்துக் குட்டிகள் யாவும் சில வாரங்களுக்குள் பிறக்கும். வருஷம் முழுவதும் விழித்திருக்க வேண்டாம். அந்த வாரங்களிலும் அடுத்த இரண்டு மூன்று மாதங்களிலும் விழிப்பாயிருந்தால் போதும். ஈனும் ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாமல் வீட்டருகே வைத்துக்கொள்ளவேண்டும்.

7. வயலில் கிடை போடுவோர் குட்டிகளைக் கிடையின் நடுவில் கூடையால் கவிழ்த்து வைப்பது நல்ல வழக்கம். விளக்கும் ஓசையும் சில நாட்களுக்கே பயன் தரும். பழகிவிட்டால் நரி அஞ்சாது. ஆகையால் விளக்கை அடிக்கடி இடம் மாற்றவேண்டும்.

நரிக்கு விருந்து வைப்பவர் யார்?

எவ்வளவு நல்ல பட்டி கட்டினாலும், ஊர் எல்லையில் நரிக்கு நாமே விருந்து வைத்துக்கொண்டிருந்தால் பயனில்லை. செத்த கன்றை ஏரிக்கரையில் வீசுகிறோம். இறைச்சிக் கடைக்காரர் கோழிக் கழிவை மூட்டையாகக் கட்டிச் சாலையோரத்தில் எறிகிறார். கல்யாண வீட்டு மீதியைத் தோப்பில் கொட்டுகிறோம். இவ்விருந்துக்கு முதலில் நாய் வருகின்றது. பின்னர் நரி வருகின்றது. இரண்டும் ஊரைப் பழகிக்கொள்கின்றன. விருந்து இல்லாத அன்று பட்டியை எட்டிப் பார்க்கின்றன.

பசு ஈன்றால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் உயரக் கட்டும் வழக்கம் நம் கிராமங்களில் இருந்துவருகின்றது. அதைப் பால் பெருகுவதற்காகச் செய்வதாகப் பெரியோர் சொல்வார்கள். எக்காரணத்தாற் செய்தாலும், நாய்க்கும் நரிக்கும் எட்டாமல் அதை அகற்றவேண்டும் என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கின்றது. ஆட்டின் இளங்கொடியை அவ்வாறு விடாமல், அன்றே ஆழமாகப் புதைத்துவிடுவது இன்னும் நல்லது. அதனால் கருச்சிதைவு நோய் பரவுவதும் தடைப்படும்.

செத்த பிராணியைக் கிணற்றுக்கும் ஏரிக்கும் தூரமான மேட்டு நிலத்தில், ஆறடி ஆழக் குழியிலிட்டுச் சுண்ணாம்பு தூவி மூடவேண்டும். திடீரென்று செத்து, மூக்கு வாய் வழியே இரத்தம் கசிந்த மாட்டை எக்காரணங்கொண்டும் அறுக்கலாகாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். கால்நடை வைத்தியருக்குச் சொல்லியனுப்பி, அவர் சொற்படி புதைக்கவேண்டும்.

நாயும் பூனையும்

ஆட்டைக் காக்கும் நாய் வேண்டுமென்று கோம்பையும் இராஜபாளையமும் தேடிச் செல்லவேண்டியதில்லை. குட்டியிலிருந்து ஆட்டுடனேயே வளர்க்கப்பட்ட ஊர் நாய் நல்ல காவலாளியாகும். ஆனால் ஊரைச் சுற்றவிட்ட நாய் காவலாளியாகாது. ஒருநாள் அதுவே திருடனாகும். இரவில் அதைப் பட்டியோடு இருக்கச் செய்யவேண்டும். நாய்க்குட்டிகளையும் பூனைகளையும் இரவில் வீட்டிற்குள் வைத்துக்கொள்ளவேண்டும். அவைகளுக்கு வைத்த சோற்றின் மீதியை முற்றத்தில் விட்டுவைக்கலாகாது.

நாய்க்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு வருஷந்தோறும் புதுப்பிக்கவேண்டும். தெரு நாய்களைப் பற்றி 2023-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் விதிகள் வெளியிட்டிருக்கின்றனர். அவற்றின்படி நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசியிட வேண்டிய பொறுப்பு நகராட்சிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் உரியது. ஒருவர் மனுவைவிடச் சங்கத்தின் தீர்மானம் அங்கே விரைவில் செவியேறும்.

வெறிநோய்

இனி நான் சொல்லப்போவது ஆட்டை விட முக்கியமானது. மனித உயிரைப் பற்றியது. நரி இயல்பாக மனிதரைக் கண்டு ஒதுங்கும். பட்டப்பகலில் அச்சமின்றித் தெருவுக்குள் வந்து, எதிர்ப்பட்டவரையும் மாட்டையும் கடிக்கும் நரிக்கு வெறிநோய் இருப்பதாகவே கொள்ளவேண்டும். அதை விரட்டிப் பிடிக்க முயலலாகாது. பிள்ளைகளை உள்ளே அழைத்து, வன இலாகாவுக்கும் போலீசாருக்கும் தெரிவிக்கவேண்டும்.

நாயோ நரியோ கடித்தால், கீறினாலும் சரி, அக்காயத்தைச் சவுக்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவவேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, பச்சிலை முதலியன வைக்கலாகாது. உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். தோலில் போடும் ஊசியை, முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தவறாமல் போட்டுக்கொள்ளவேண்டும். இரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றியே வேறு மருந்தும் செலுத்துவர். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுவது, பாதிக் கடனைக் கட்டிவிட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்பது போன்றது.

இவ்வைத்தியத்தைக் கண்டவர் பிரெஞ்சு தேசத்து லூயி பஸ்தேர் ஆவார். 1885-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவர் முதன்முதல் சிகிச்சை செய்து உயிர் காத்தார். அவர் பெயரால் நம் குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் ஸ்தாபனம் தொடங்கப்பெற்றது. நூறு வருஷத்திற்கு மேலாக மருந்து நம் அருகில் இருக்கின்றது. ஆனால் நோய்க்குறி தோன்றிய பிறகு அது பயன்படாது. அதன்பின் பிழைப்பது மிக மிக அரிது.

மாட்டுக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வெறிநோய் கண்ட மாடு எச்சில் ஒழுக நிற்கும், தண்ணீரை விழுங்கமாட்டாது, குரல் மாறிக் கத்தும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பது நம்மவர் வழக்கம். அவ்வாறு ஒருபோதும் செய்யலாகாது. அதன் எச்சிலிலேயே விஷம் உண்டு. கடிபட்ட மாட்டை அன்றே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அதற்கும் தடுப்பூசி போடுவர். குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குத் தூரமன்று.

சங்கம் செய்யவேண்டுவன

இதுவரை கூறியவற்றில் தனி ஒருவர் செய்யக்கூடியது சிறிதே. சங்கம் எடுத்துக்கொண்டால் யாவும் நடைபெறும். அடுத்த பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஆலோசிக்கவேண்டிய தீர்மானங்கள் சில:

முதலாவது, ஆடு வாங்கக் கடன் கேட்பவரின் மனுவில் பட்டியின் நிலையும் எழுதப்படவேண்டும். பட்டி இல்லாதவருக்கு அதை அமைக்கும் செலவையும் கடனிற் சேர்க்கச் சங்கம் பரிந்துரைக்கலாம். பட்டியில்லா ஆட்டுக்குக் கடன் கொடுப்பது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதாகும்.

இரண்டாவது, இரும்புவலையை அங்கத்தினர் தனித்தனியே வாங்காமல், தேவையைக் கணக்கெடுத்துச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஏரி வாய்க்காலுக்குக் குடிமராமத்துச் செய்தது போல, ஆளுக்கொரு நாள் கைகொடுத்தால் ஆளில்லாத வீட்டின் பட்டியும் எழுந்துவிடும். ஊரிலேயே பலவீனமான பட்டியை முதலிற் கட்டவேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கொம்யூன் பஞ்சாயத்தின் அனுமதியோடு பொதுப் புதைகுழிக்கு இடம் ஒதுக்கவேண்டும். இறைச்சிக் கழிவு கொட்டுவதை நிறுத்தும்படி கடைக்காரரிடம் நயமாகவும், தேவையானால் எழுத்து மூலமாகவும் கேட்கவேண்டும்.

நான்காவது, வருஷத்தில் ஒரு நாளைக் குறித்து, கால்நடை வைத்தியரை அழைத்து ஊர் நாய்களுக்கெல்லாம் ஊசி போடச் செய்யவேண்டும்.

ஐந்தாவது, சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு சேதத்தையும் தேதி, நேரம், இடம், பிராணியின் வயது, படல் சாத்தியிருந்ததா, காணப்பட்ட அடையாளம் ஆகியவற்றோடு எழுதிவரவேண்டும். ஒரு வருஷத்தில் அப்புத்தகமே எந்த மாதத்தில், எந்தத் தெருவில் காவல் வேண்டுமென்று உங்களுக்குச் சொல்லும். வன இலாகாவிடம் முறையிடும்போதும் அதுவே சாட்சி.

ஆறாவது, கடனில் வாங்கிய ஆடுகளை இன்ஷூர் செய்யவேண்டும். காதிலுள்ள அடையாள வில்லை இல்லாவிட்டால் தொகை கிடைக்காது. அது விழுந்தால் உடனே தெரிவித்து வேறு மாட்டிக்கொள்ளவேண்டும். பிராணி இறந்தால் கால்நடை வைத்தியர் பார்வையிடுமுன் புதைக்கலாகாது. விலங்கு கடித்து இறப்பதற்கும் தொகை உண்டா என்பதைக் கையெழுத்திடுமுன்னரே கேட்டறியவேண்டும்.

இன்னொன்றும் கூறவேண்டும். நம் புதுச்சேரிக் கிராமங்கள் தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் ஜில்லாக் கிராமங்களோடு பின்னிக் கிடக்கின்றன. 1954-ஆம் ஆண்டு வரை இடையில் சுங்கச் சாவடிகள் நின்றன. அக்காலத்தில் மனிதர் சாவடியில் நின்று மூட்டையை அவிழ்த்துக் காட்டினர். நரி அன்றும் நிற்கவில்லை. எல்லைக்கு அப்பாலுள்ள சங்கங்களோடும் கலந்து பேசி ஒரே காலத்தில் இவ்வேலைகளைச் செய்தாலன்றி, நம் ஊர்த் தொல்லை அயலூருக்கும், அயலூர்த் தொல்லை நமக்கும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும்.

அங்கத்தினர்களே, நரி நம் பகைவனன்று. நம் வேலியைச் சோதிக்கும் ஒரு தணிக்கையாளன் என்றே சொல்லலாம். சந்து எங்கே இருக்கிறதோ அங்கே அது விரலை வைக்கின்றது. சங்கத்தில் வலியவரும் எளியவரும் ஒரே புத்தகத்தில் பெயர் எழுதி, ஒருவர் கடனுக்கு மற்றொருவர் ஜாமீன் நிற்கின்றோம். அவ்வாறு நிற்பவர்கள் அண்டை வீட்டுப் படல் சரிந்திருப்பதைக் கண்டும் காணாததுபோல் உறங்கச் செல்லலாகாது. இன்று வீட்டிற்குத் திரும்பியதும், இருட்டுமுன் உங்கள் பட்டியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பிறகு அடுத்த வீட்டுப் பட்டியையும் சுற்றிப் பாருங்கள்.